மகரக்கட்டும் பாட்டு பீரியடும்

நாகூரில் நான் பாட்டு டீச்சராக இருந்தபோது ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதுவும் கணக்குக்குப் போய்விடும். "பாட்டுத்தானே டீச்சர், அடுத்த வாரம் எடுத்துக்கலாமே" என்பார்கள். பாட்டு பீரியடால் என்ன பயன் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. நாகூருக்கு வந்ததும் ஒன்று புரிந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது ஏற்கெனவே பழகியிருந்தது. தர்காவில் ஃபக்கீர்கள் தப்ஸ் அடித்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிலர். கரையில் வலை இழுக்கும் பாட்டைக் கேட்டவர்கள் சிலர். கோயில் நாகஸ்வரம் எல்லோருக்கும் பழக்கம். கந்தூரி சமயத்தில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும் இரவில் ஊரே விழித்திருக்கும். திஸ்ர நடைக்கு "தகிட தகிட" என்று தட்டிக் காட்டினால், "இது தப்ஸ் அடிதானே டீச்சர்?" என்பான் ஒருவன். தமிழ்த்தாய் வாழ்த்தும் திஸ்ரம்தான், ராகம் மோகனம், மெட்டமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன் என்று சொன்னால், தினமும் பிரேயரில் பாடுவதை அன்றுதான் புதிதாகப் பாடுவார்கள். அவர்களிடம் இருந்ததற்கு நான் பெயர் மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

நான் கேட்டவற்றில் மறக்காத குரல் நாகூர் ஹனிபாவுடையது. 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்தவர். 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம்.எஸ்.ஸோடு சேர்ந்து பாடியவர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். திறந்த வெளி மேடையில் அவர் பாடக் கேட்டிருக்கிறேன். உச்சத்துக்குப் போனாலும் ஒரு சொல்கூடத் தேயாது. அதே ஊரில்தான் தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ.காதர் அவர்களும் இருந்தார், கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவர். இன்னொருவர் நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் பிறந்து, நாச்சியார்கோயிலில் தஞ்சாவூர் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். அவர் வாசிப்பில் நாகஸ்வரம் அப்படியே வாய்ப்பாட்டாகக் கேட்கும். இவர்கள் மூவரையும் பற்றி வகுப்பில் அடிக்கடி பேசுவேன். ஆனால் என் மாணவர்களில் யாரும் அப்படி ஆகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பையன். ஏழாம் வகுப்பு வரை காலைப் பிரேயரில் முதல் குரல் அவனுடையதுதான். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பாடும்போதே குரல் இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு கடைசி பெஞ்சுக்குப் போனவன் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டு விசாரித்தேன்.

"தொண்டை கெட்டுப் போச்சு டீச்சர். இனிமே பாடாதேன்னு வாப்பா சொல்லிட்டாங்க."

இதற்குத்தான் நம் பெரியவர்கள் மகரக்கட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்த வயதில் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் இதனால் வேஷம் இழந்த பையன்கள் எத்தனையோ பேர். அவனுக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன். "கெட்டுப் போகலடா தம்பி, வீடு மாறுது. சாமான் இறக்குற வரைக்கும் பொறு" என்றேன். ஐந்து கட்டையில் இருந்த சுருதிப்பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கினேன். நாலைந்து ஸ்வரங்களுக்குள் மெதுவாகப் பாடச் சொன்னேன். கத்தவும் கூடாது, அடைத்தும் வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு ஒரு புதுக்குரலோடு வந்து நின்றான். இப்போது சிங்கப்பூரில் வேலை. பாட்டுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மகனைப் பாடித்தான் தூங்க வைக்கிறேன் என்று போனில் சொன்னான்.

பிறகு 2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. பள்ளி மறுபடி திறந்தபோது ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். மீனவக் குடும்பம், அம்மா இல்லை. நான் யாரையும் பாடச் சொல்லவில்லை. சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு, "விருப்பம் இருக்குறவங்க 'ம்'முன்னு மட்டும் சேர்ந்துக்கங்க" என்றேன். இரண்டு வாரம் இப்படியே போனது. மூன்றாம் வாரம் மற்றவர்கள் மெதுவாகத் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, அவள் விரல் பெஞ்சில் அசைந்தது. பக்கத்துப் பையனைக் காட்டி, "டீச்சர், இவன் வேகமாப் போறான்" என்றாள்.

அன்றைக்கு நான் பாட்டை நிறுத்தவில்லை. அவளைப் பாராட்டவும் இல்லை. "அப்ப நீயே தாளம் போடு" என்றேன். போட்டாள்.

பாட்டு பீரியட் பாடகர்களை உருவாக்குவதற்கு மட்டும் இல்லை. வயசாலோ துக்கத்தாலோ ஒரு பிள்ளையின் குரல் அடைத்துப் போனால், அதைக் கவனிக்க ஒருவர், காத்திருக்க ஓர் இடம். கணக்கு டீச்சர் கெட்டவரில்லை, அவருக்குப் பாடம் முடிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளியில் பாட்டு பீரியட் இருக்கிறதா, இருந்தால் உண்மையிலேயே நடக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.