சிராங்கூனில் மழை இறங்கிய ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போதே கைப்பேசியில் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டேன். இரண்டு வாரமாக நீடித்த வெயில் முடிகிறது. சனிக்கிழமை ஆங்காங்கே தூறல், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இடியுடன் கூடிய பலத்த மழை. ஆண்டுக்குச் சராசரி 170 நாட்கள் மழை பெய்யும் சிங்கப்பூரில் இதுவும் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அக்டோபர் மாதம், தீபாவளிக்கு முந்திய வாரக்கடைசி, இடம் சிராங்கூன் சாலை. அங்கே ஞாயிறு பிற்பகல் மழை என்பது பெரிய செய்திதான்.

சனிக்கிழமை மாலை தேக்காவுக்குப் போனேன். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாசல்வரை பரப்பியிருந்தார்கள். வெயில் இன்னும் சுள்ளென்றுதான் அடித்தது. இருந்தாலும் கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் எல்லாக் கடையிலும் தார்ப்பாய் சுருட்டித் தயாராகக் கட்டியிருந்தது. அகல்விளக்கும் தோரணமும் விற்ற அம்மாவிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். “இன்னைக்கு வித்தாத்தான் உண்டு. நாளைக்கு அவன் கையில” என்று மேலே காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அப்போது ஒரு மேகம்கூட இல்லை.

இந்த மாதத்து மழையின் கணக்கு எளிது. தென்மேற்குப் பருவக்காற்று அடங்கிவிடும். வடகிழக்குக் காற்று இன்னும் பிடித்திருக்காது. இடைப்பட்ட வாரங்களில் காற்று அசையாது. காலையெல்லாம் தரை சூடேறும். ஈரக்காற்று மேலெழும்ப, கடற்காற்றும் வந்து சேர, பிற்பகலில் மேகம் திரண்டு இடியோடு கொட்டிவிடும். சில நாட்களில் சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் சூறைக்காற்றோடு வரும் மழை வேறு வகை. அது வேலைக்குப் போகிறவர்களை நனைக்கும். பிற்பகல் மழை ஓய்வெடுக்க வந்தவர்களை நனைக்கும்.

ஞாயிறு மூன்று மணிக்கு மறுபடியும் போனேன். தேக்கா லேன் பக்கத்துப் புல்தரையில் வட்டம் வட்டமாக வெளிநாட்டு ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள், ஊருக்குக் காணொளியில் பேசுகிறவர்கள், செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்கள். ஆறு நாள் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்களுக்கு, காசு கொடுக்காமல் கால் நீட்டி உட்கார இந்த ஊரில் கிடைத்த இடம் அது.

மூன்றரைக்குக் காற்று திரும்பியது. வெயில் அணைந்தது. ரோச்சோர் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் சொட்டுகள் விழுந்ததும் புல்தரை எழுந்தது. சில நிமிடங்களில் அங்கே ஒருவரும் இல்லை. எல்லாரும் கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதைக்குள் நெருக்கியடித்து நின்றோம்.

‘அஞ்சடி’ என்று பழையவர்கள் சொல்லும் அந்த நடைபாதைக்கு வயது அதிகம். 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், தெருவின் இருபக்கமும் வீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். வெயிலுக்கும் மழைக்குமான ஏற்பாடு. அன்று அந்தக் கூரைக்கடியில் நகைக்கடைக்கு வந்த குடும்பம், முதுகில் பையோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, பூக்கடைப் பாட்டி, வங்காளதேசத்துப் பையன்கள், நான் என எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சாரலில் நனைந்தோம். நகைக்கடைக் குடும்பம் கொஞ்சம் தள்ளி நின்று குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். இடம் கொடுப்பதும் தள்ளி நிற்பதும் ஒரே கூரைக்கடியில்தான் நடக்கின்றன.

என் பக்கத்தில் நின்ற இளைஞர் ஓயாமல் எட்டி எட்டிப் பார்த்தார். “யாரைத் தேடுறீங்க தம்பி?” என்றேன்.

“எங்க மச்சான்ணே. நான் துவாஸ், அவர் பொங்கோல். மாசம் ஒரு ஞாயிறுதான் பாத்துக்குவோம், அந்தப் புல்தரை விளக்குக் கம்பத்துக்கிட்ட. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறார்.”

திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரர். மழையைத் திட்டுவார் என்று நினைத்தேன். “ஊர்ல இது பெஞ்சா தேவலண்ணே. நேரடி விதைப்பு. முளைச்சு நிக்குது, தண்ணியில்ல” என்றார். இங்கே நாம் ஒதுங்கி நிற்கும் காலம்தான் அங்கே சம்பாவுக்கு உயிர்க்காலம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தமிழ்நாட்டில் தொடங்கும். அதே காற்று தெற்கே இறங்கி டிசம்பரில் இங்கே அடைமழையாகும். இரண்டு ஊரையும் ஒரு காற்று கட்டியிருக்கிறது என்பதை வரைபடம் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். அவர் மாதாமாதம் பணம் அனுப்பித் தெரிந்து வைத்திருக்கிறார்.

எங்கள் காலடியில் சாக்கடை நிரம்பி ஓடியது. அந்தத் தண்ணீர் வீணாவதில்லை. ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008-ல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு, சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை அங்கே சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்க்கு வருகிறது. தேக்காவில் நம்மை ஒதுங்க வைத்த மழையை இன்னொரு நாள் நாமே குடிக்கிறோம்.

ஐந்தே காலுக்கு மழை விட்டது. புல்தரை சேறாகிவிட்டது, உட்கார வழியில்லை. மச்சான் சாலைக்கு அந்தப் பக்கத்து அஞ்சடியில்தான் இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். கைப்பேசியை நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்திருந்ததால் சத்தம் கேட்கவில்லையாம். இரண்டு பேரும் ஈரச் சட்டையோடு ஒரு டீக்கடை வாசலில் நின்றபடியே பேசினார்கள். விடுதிப் பேருந்துக்கு அதிக நேரம் இல்லை.

ஏழு மணிக்குச் சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரிந்தன. கேம்பல் லேனில் அந்த அம்மா தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிவிட்டு, அகல்விளக்குகளைத் துணியால் துடைத்து மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு டஜன் வாங்கினேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் கைப்பேசியைத் திறந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கும் இடிமழை என்றே போட்டிருந்தது. அந்தப் புல்தரையின் ஓரமாக ஒரு நீளக் கூரை போட்டால் என்ன என்று தோன்றியது.