படிக்கட்டோடு நின்ற பாதை

ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மராட்டிய நாட்டு உழவர் பெருமக்கள், விதைத்த வயலை மழையின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஆண்டுதோறும் அத்தொலைவை மூன்று வாரம் நடந்தே கடக்கின்றனர். ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய தேரைக் காளைகள் இழுக்க, முன்னும் பின்னும் 'திண்டி' எனப்படும் பாட்டுக் குழுக்கள் அணி அணியாய்ச் செல்கின்றன.

"பகுத்தறிவு பேசும் உமக்குப் பாதயாத்திரையில் என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்டனர். விட்டலனைக் காணவா சென்றோம்? மக்களைக் காணச் சென்றோம்! புனேயிலிருந்து திவே மலைச்சரிவு ஏறிச் சாசுவடு வரை, ஒரு பகல் முழுதும் அவர்களோடு நடந்தோம்.

கையிலே தாளம், தோளிலே காவிக்கொடி, பெண்டிர் தலையிலே துளசிச் செடி. ஒருவரையொருவர் 'மௌலி' என்றே அழைக்கின்றனர். தாய் என்று பொருள். இளைஞன் கிழவரின் காலைத் தொடுகிறான். கிழவரும் உடனே இளைஞனின் காலைத் தொடுகிறார்! நம் காலையும் ஒரு மூதாட்டி தொட்டுவிட்டார். காலில் விழுதல் என்றாலே கசப்புக் கொள்ளும் நாம் பதறிப்போனோம். அவரோ சிரித்தபடி தம் காலைச் சுட்டிக் காட்டினார்: நீயும் தொடு, கணக்குத் தீர்ந்துவிடும் என்பதுபோல. குனிந்தோம். உயர்ந்தவன் ஒருவன், தாழ்ந்தவன் ஒருவன் என்றில்லாத வணக்கத்தை அன்றுதான் கண்டோம்.

பாதை நல்ல பாதைதான், ஐயமில்லை. போய்ச் சேரும் வாயில் எப்படி இருந்தது?

சோகாமேளர் 14-ஆம் நூற்றாண்டினர்; தீண்டப்படாதோர் எனத் தள்ளப்பட்ட மகார் குலத்தவர்; விட்டலனை உருகி உருகிப் பாடியவர். பாட்டு உள்ளே போயிற்று, பாடியவர் வெளியே நின்றார்! மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலையின்போது சுவர் இடிந்து மாண்டார் என்பர். அவர் சமாதியும் கோயிலுக்கு வெளியே, படிக்கட்டின் எதிரேதான் இருக்கிறது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவே மறுக்கப்பட்டது. அதற்காக 1924-இல் பெரியார் சிறை புகுந்தார். இங்கே தெரு திறந்திருந்தது, கதவு மட்டும் மூடியிருந்தது. எது கொடிது? வரச் சொல்லி, வாயிலில் நிறுத்துவது கொடிதென்போம் நாம்.

அந்தக் கதவைத் திறந்தவன் கடவுளல்லன். 1947-இல் பார்ப்பனக் குலத்தில் பிறந்த சானே குருஜி என்ற ஆசிரியர் உண்ணாநோன்பு இருந்தார், கதவு திறந்தது. பரம்பரைப் பூசாரிகளின் உரிமையோ 2014-இல் உச்சநீதிமன்றம் முடிவு கூறும்வரை ஓயவில்லை. அவ்வாண்டே எல்லாச் சாதியாரிடமிருந்தும், பெண்களிடமிருந்தும் கோயில் நிர்வாகம் விண்ணப்பம் கேட்டது. நீதிமன்றமும் நோன்பும் செய்ததை, நூற்றாண்டுகள் பாடிய பாட்டு ஏன் செய்யவில்லை?

இப்பாதையில் நடந்த அறிஞர் ஐராவதி கார்வே, ஒரே திண்டியில் பாடியோர் உண்ணும்போது சாதிவாரியாகப் பிரிந்ததை எழுதினார். அவர் கட்டுரை 1962-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அது நினைவுக்கு வரவே, சாசுவடில் உடன் நடந்த உழவரிடம், "இன்றும் அப்படித்தானா?" என்றோம்.

"இங்கே சாதி கேட்பதில்லை, மௌலி. ஊரார், உறவினர் சேர்ந்து சமைக்கிறோம், அவ்வளவுதான்."

உறவினர் யார், எவரோடு உறவு என்று மேலும் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, நமக்கு ஒரு தட்டு எடுத்துவரச் சென்றார். இருட்டிக்கொண்டு வந்த வெளியில், தனித்தனியே எரிந்த அடுப்புகளை எண்ணிக்கொண்டு நின்றோம்.