கத்திரியில் கறுப்புக் கோட்டு

சென்ற கத்திரி வெயிலில் மதுரையில் ஒரு கலியாணம். வாசலில் நின்று சம்பந்திகளை வரவேற்கும் பதவி நமக்கு! கௌரவத்தை உத்தேசித்துக் கறுப்புப் பாலியெஸ்டர் கோட்டு அணிந்திருந்தோம். கறுப்பு வெயிலைக் குடிக்கும். பாலியெஸ்டரோ வியர்வையைக் குடிக்காது. முகூர்த்தத்துக்குள் புழுங்கலரிசியாகிவிட்டோம். அருகே ஒரு பெரியவர் தொளதொளத்த வெள்ளைக் கதர் ஜிப்பாவில் சுகமாக நின்றார். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். காற்றுப் பட்டு அது உலர, உடம்பு குளிரும்.

அதே மதுரையில், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மகாத்மா அரைவேஷ்டிக்கு மாறியது ஏழைகளை எண்ணி. நம் மனமாற்றமோ, சொல்ல வெட்கம், வியர்க்குருவினால் வந்தது.

காலஞ்சென்ற தகப்பனாரின் கதர் ஜிப்பாக்களைப் பழம்பாணியென்று பத்து வருஷமாய்ப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம். இப்போது அவற்றைத்தான் அணிகிறோம். அவர் நம்மைவிடப் பருமன். காற்று தாராளமாகப் புகுகிறது.