முடிச்சுக்கு என்ன கூலி?

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டியதும் அனகாபுத்தூர் வந்துவிடும். அடையாற்றங்கரை ஊர். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பிரதான சாலையில் செல்போன் கடை, பிரியாணிக் கடை, அடுக்குமாடி விளம்பரம் என்று மற்றப் புறநகர்களைப் போலத்தான் இருக்கிறது. உள்தெருக்களுக்குள் திரும்பினால்தான் தறிச் சத்தம் கேட்கும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்கிறது.

வாழைநாரில் சேலை நெய்யும் ஊர் என்று இதைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் வீட்டிலேயே செய்து கொடுக்கக்கூடிய நார்ப் பொருள்களைப் பற்றிக் கேட்டறியத்தான் நான் போனேன். ஆனால் தறி இருந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் என் கவனம் நின்றுவிட்டது. மடியில் பழைய துணி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், எதிரே வெளிர் மஞ்சளில் ஒரு கத்தை நார். ஓர் இழையை நகத்தால் வகிர்ந்து எடுப்பார். அதன் நுனியை ஈரவிரலால் நீவுவார். முந்தைய இழையின் வாலோடு சேர்த்து ஒரு முடிச்சு. மிச்ச நுனியை பிளேடால் ஒட்ட நறுக்கிவிட்டு அடுத்த இழைக்குப் போவார். நான் பேச்சுக் கொடுத்தபோதும் விரல் நிற்கவில்லை.

“இது என்ன கண்ணு பெரிய வேலை? பூ கட்டுற மாதிரிதான். எல்லார் வீட்டுலயும் பொம்பளைங்க செய்றதுதானே” என்றார்.

அவர் அடக்கமாகச் சொன்ன அந்தச் சொல்லை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். பஞ்சை ராட்டையில் நூற்றால் நூல் நீண்டுகொண்டே போகும். வாழைநார் அப்படி இல்லை. மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் இழை. ஒன்றரை மீட்டர் கிடைத்தால் நல்ல நார். மீதி நீளத்தைக் கைதான் உண்டாக்க வேண்டும். உள்ளே தறியில் இருந்த அண்ணனிடம் அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று கேட்டேன். “நாற்பதுன்னு வெச்சுக்கங்க” என்றார். ஐந்தரை மீட்டர் நீளம், 46 அங்குல அகலம் கொண்ட ஒரு சேலைக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ 10,000 மீட்டர் ஊடை வேண்டும். எல்லாமே வாழைநார் என்றால் 6,000 முடிச்சுக்கு மேல் போட வேண்டும். பாவு பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கும். ஊடையிலும் பருத்தியைக் கலந்து நெய்வதுண்டு. பாதிக்குப் பாதி கலந்தாலும் 3,000 முடிச்சு. ஒவ்வொன்றும் நாடாவின் கண்ணில் சிக்காமல் ஓட வேண்டும். துணியின் மேல் புடைத்துத் தெரியவும் கூடாது.

இந்த ஊரின் பழைய பெருமை வேறொரு துணியில் இருந்தது. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் ஏற்றுமதியான கட்டம் போட்ட கைத்தறித் துணி அது. பெயரில் கைக்குட்டை என்று இருந்தாலும், நைஜீரியாவில் அதை இடுப்பில் உடுத்துவார்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்கு இந்தத் துணி இல்லாமல் நல்லது கெட்டது எதுவும் நடக்காது. அங்குள்ள பெண்கள் செய்யும் ஒரு வேலையைப் பற்றிப் படித்ததிலிருந்து அதை என்னால் மறக்க முடியவில்லை. நம்மூர்க் கட்டம் போட்ட துணியை விரித்து வைத்து, சில இழைகளை மட்டும் கத்தி முனையால் அறுத்து உருவிவிடுவார்கள். பழைய கட்டத்துக்குள் துளைத் துளையாக ஒரு புதுக் கோலம் வரும். ‘பெலெட்டே பிட்டே’ என்று அதற்குப் பெயர். வீட்டில் உட்கார்ந்து கையால் செய்து, சடங்குக்கென்று எடுத்து உடுத்துவார்கள். அனகாபுத்தூர் போன்ற ஊர்களில் நெசவாளர் கோத்த இழையைக் கடல் கடந்த ஒரு பெண் உருவி எடுத்துத் தன் வீட்டு விசேஷத்துக்கு ஏற்றதாக மாற்றிக்கொண்டாள். நெய்தவருக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

எழுபதுகளில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை போட்டபோது அந்த வாசல் அடைபட்டது. தறிகள் குறைந்தன; பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். மிஞ்சியவர்கள் முதலில் சணலுக்கு மாறினார்கள். அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கம் என்ற பெயரிலேயே அந்தக் கட்டம் பதிந்திருக்கிறது. சங்கத்தை நடத்தும் சி. சேகரும் அவரோடு உள்ளவர்களும் வாழை, அன்னாசி, கற்றாழை, மூங்கில் என்று நார் கிடைக்கும் எதையும் தறியில் ஏற்றிப் பார்த்தார்கள். 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு அவர்கள் நெய்த ஒரே சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. இடையில் 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள்ளேயே வந்தது. தறி இருக்கும் வீட்டில் வெள்ளம் புகுந்தால் என்னென்ன போகும் என்று விளக்கத் தேவையில்லை.

சாதனைப் புத்தகத்தில் ஏறியது சேலை. அதன் முடிச்சுகளைப் போட்டவர்களை யார் எழுதி வைத்தார்கள்? ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் கிஜோகா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கும் வாழையினச் செடி ஒன்றின் நாரில் ‘பஷோஃபு’ என்ற துணி நெய்கிறார்கள். அங்கும் இதே முறைதான்: மட்டையை உரித்து, நாரெடுத்து, வகிர்ந்து, நுனியோடு நுனி முடிந்து நூலாக்குவது. வெளிமட்டை நார் முரடு, உள்ளே போகப் போக மென்மை என்று பிரித்து, மென்மையான நாரைக் கிமோனோவுக்கு எடுத்து வைப்பார்கள். 1974இல் ஜப்பான் அரசு அந்தத் துணி நெய்யும் கலையை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதை மீட்டெடுத்த தைரா தோஷிகோ என்ற பெண்மணிக்கு 2000ஆம் ஆண்டில் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற தகுதியைக் கொடுத்தது. 2022இல், 101 வயதில் அவர் இறந்தார். ஒரு நாடு முடிச்சை மதிக்க நினைத்தால் எப்படி மதிக்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

திண்ணை அம்மாவிடம் ஒக்கினாவாவைப் பற்றிச் சொன்னேன். கூலியைப் பற்றித்தான் அவர் முதலில் கேட்டார். “அங்க கழிக்கு என்ன தர்றாங்களாம்?”

பிற்பகலில் அவருடைய மருமகள் ஒரு வாழைத்துண்டைத் தூக்கிவந்து போட்டார். பக்கத்துக் கல்யாண மண்டப வாசலில் முதல் நாள் கட்டியிருந்த மரம். முகூர்த்தம் முடிந்தால் அது குப்பை வண்டிக்குத்தான் போகும். அதில் எவ்வளவு நார் இருக்கிறது என்பதை அவர் உரித்துக் காட்டினார். கிழிந்த மேல்மட்டை இரண்டு மூன்றைக் கயிறு திரிக்க ஒதுக்கினார். அடுத்த மட்டைகளை இரண்டு விரல் அகலத்துக்குக் கீறினார். ஒன்றைப் பலகையில் உட்புறம் மேலே தெரியும்படி வைத்து, மழுங்கிய கத்தியால் ஒரே திசையில் அழுத்தி வழித்தார். சதை நீராகவும் சக்கையாகவும் ஒதுங்கியது. அடியில் பளபளவென்று நார் கிடந்தது. “மடியில பழைய துணி போட்டுக்கங்க மேடம். வாழைக்கறை பட்டா அந்தச் சேலை அவ்வளவுதான்” என்றார். அலசி நிழலில் காயவைக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய வெள்ளைத் தண்டை மாமியார் கூட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கிருந்துதான் வீட்டுக் கைவேலை தொடங்குகிறது. நாம் யாரும் செய்யலாம். காய்ந்த நாரில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூன்று புரியாகப் பிரித்து, தலை பின்னுவதைப் போலவே பின்ன வேண்டும். ஒரு புரி தீரும்போது அதில் மட்டும் புது நாரைச் செருக வேண்டும். மூன்றிலும் ஒரே இடத்தில் சேர்த்தால் அங்கேயே அறும். பின்னிய சரத்தை நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியில் அதே நாரைக் கோத்துத் தைத்தால் உள்ளங்கை அளவில் ஒரு தட்டு. ஓரத்தை மேலே வளைத்துத் தைத்துக்கொண்டே போனால் குங்குமச் சிமிழ் வைக்கும் சிறு கூடை. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்துப் பழகிவிட்டோம். அந்த இடத்தில் இது இருக்கலாம். பரிசுப் பொட்டலத்தை ரிப்பனுக்குப் பதில் இந்தச் சரத்தால் கட்டலாம். கையில் கட்டிவிடும் கயிறாகவும் ஆகும். மருமகளின் மகள் தோழியின் பிறந்தநாளுக்கென்று அப்படி ஒன்றைப் பின்னி, நடுவில் இரண்டு மணி கோத்து வைத்திருந்தாள்.

நிறம் வேண்டுமானால் அடுக்களையே போதும். மஞ்சளில் முக்கினால் உடனே பிடித்துக்கொள்ளும், வெயிலில் வைத்தால் வெளுத்தும்விடும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும், அதுவும் நிலைக்காது. ஒரு நாள் விசேஷத்துக்கு இவை போதும். துணிக்குச் சாயம் ஏற்றும்போது கடுக்காயிலும் படிகாரத்திலும் முதலில் ஊறவைக்கிறார்கள், நிறம் இழையை விட்டுப் போகாமல் இருக்க.

தட்டு செய்யக் கற்றுக்கொண்டு திரும்பும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரலாம்: இதெல்லாம் இவ்வளவு சுலபம் என்றால் சேலை ஏன் அத்தனை விலை? சுலபம் என்பது ஒரு முடிச்சுக்குப் பொருந்தும். மூவாயிரமாவது முடிச்சும் முதல் முடிச்சைப் போலவே இருக்க வேண்டும் என்னும்போது அது தொழில். அதற்குரிய கூலி வேண்டும். ஊடை எத்தனை என்று நெசவாளர் சொல்கிறார், நார் எத்தனை வகை என்று விற்பவர் சொல்கிறார். முடிந்தவரின் பெயரும் அவருக்குப் போன கூலியும் சேலையோடு வரும் சீட்டில் இருக்க வேண்டும் என்று வாங்குகிற நாம் கேட்கலாம். கேட்டால் விலை இன்னும் கூடும். அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

திண்ணையில் இதைச் சொன்னபோது அந்த அம்மா முதல்முறையாக விரலை நிறுத்தினார். “பேர் போடுறது இருக்கட்டும். வேலை தொடர்ந்து வரணும். ரெண்டு மாசம் வருது, மூணு மாசம் சும்மா இருக்கேன்.”

அதற்கு வழி உண்டா என்று தறிக்காரரிடம் கேட்டேன். நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார். கடைசி நேரத்தில் வந்து நிற்கிறார்கள், அதுதான் சிக்கல் என்றார். இந்த நாருக்கு ஈரம் வேண்டும். காற்று வறண்டால் இழை முறியும். கோடையில் ஈரத்துணி போட்டு மூடி வைத்துத்தான் ஓட்டுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தறி ஒழுங்காக ஓடும். ஆனால் அப்போது நார் காயாது, சாயமும் காயாது. அதனால் நாரை எடுத்துச் சாயமேற்றி முடிந்து வைக்கும் வேலையெல்லாம் மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். “தையில கல்யாணம்னா ஆவணியிலயே வந்து சொல்லணும் மேடம். மார்கழியில வந்து கேட்டா நான் எங்க போவேன்?” ஆவணியிலேயே சொன்னால் திண்ணையில் இருக்கும் அம்மாவுக்கும் புரட்டாசி முழுக்க வேலை இருக்கும். தை மாதக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லிவிடச் சொன்னார்.