எதுகை பேசாத வாத்தியார்

ஒரு ராஜாவுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பயம். படித்தவன் கேள்வி கேட்பான் என்பது அவன் கணக்கு. பள்ளியை மூடுகிறான், புத்தகங்களை எரிக்கிறான். அடங்காதவர்களின் மூளையைக் கழுவ ஒரு இயந்திரமும் வைத்திருக்கிறான்.

சத்யஜித் ராய் 1980-ல் எடுத்த 'ஹீரக் ராஜார் தேஷே' (வைர ராஜாவின் நாட்டில்) படத்தின் கதை இது. 1969-ல் வந்த 'கூபி காயேன் பாகா பாயே'னின் தொடர்ச்சி. தயாரிப்பு மேற்கு வங்க அரசு. 1975-77 நெருக்கடி நிலையை இதில் கண்டவர்கள் பலர். ஹவுராவில் வளர்ந்த எங்களுக்கோ அது வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு படம். ராஜாவாக உத்பல் தத், விஞ்ஞானியாக சந்தோஷ் தத். சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்!

எண்பதுகளின் கடைசியில் டி.வி.யில் அது வந்தபோது, வங்காளம் தெரியாத பாட்டிக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். கூலி, இரண்டு முறுக்கு. வேலை சுலபமாக இல்லை. ராஜா, மந்திரி, விஞ்ஞானி எல்லோரும் வரிக்கு வரி ஒரே ஓசையில் முடித்துப் பேசுவார்கள். தமிழில் அர்த்தம் வந்தால் ஓசை வராது.

திடீரென்று பாட்டி கேட்டாள்: "இந்த வாத்தியார் மட்டும் ஏண்டி மனுஷாள் மாதிரி பேசறார்?"

சௌமித்ர சட்டர்ஜி நடித்த உதயன் பண்டிட்தான் அந்த வாத்தியார். எல்லோரும் எதுகையில் பேசும் நாட்டில் அவர் மட்டும் உரைநடையில் பேசுகிறார். வசனத்தின் பொருளில் மூழ்கியிருந்த எனக்கு அது படவில்லை. பாஷை புரியாத காதுக்குத்தான் ஓசை முதலில் கேட்கிறது.

பின்னாளில் தமிழ் எம்.ஏ. வகுப்பில் எதுகை, மோனை, இயைபு படித்தபோது விஷயம் பிடிபட்டது. தொடை நினைவில் நிற்க உதவும். யோசிக்காமலே நிற்கவும் உதவும். மூளை கழுவப்பட்டவர்கள் ராஜாவின் புகழை அடுக்குமொழியில் ஒப்பிப்பது அதனால்தான். ஹவுரா சுவர்களிலும் சென்னை மேடைகளிலும் கேட்காத அடுக்குமொழியா! கோஷங்களை மொழிபெயர்க்கும்போது முதலில் எதுகையைக் கழற்றிவிட்டுப் பார்ப்பேன். சிலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது.

கெட்டிக்கார மாணவர்கள் என்றால் நமக்கு முதல் ரேங்க்தான் ஞாபகம் வரும். உதயனின் பிள்ளைகளுக்குப் பரீட்சையே இல்லை, பள்ளிக்கூடம்கூட இல்லை. ஆனால் கடைசியில் ராஜாவின் சிலைக்குக் கயிறு கட்டி இழுப்பவர்கள் அவர்கள்தான். தன் இயந்திரத்திலேயே மூளை கழுவப்பட்ட ராஜாவும் ஓடி வந்து ஒரு கை கொடுக்கிறான். அவனுக்குத் தான் இழுப்பது யாருடைய சிலை என்று தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும்.