மூன்று குழந்தைகளின் தாய், நான்கு முறை உலக சாம்பியன்

"முப்பது வயசுக்கு மேலே நமக்கு என்ன இருக்கு? இனிமே எல்லாம் குழந்தைங்களுக்காகத்தான்."

இந்தப் பேச்சைக் கேட்காத வீடு உண்டா, சகோதரிகளே? சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கேட்கிறவள் மனசில் ஒரு ஜன்னல் மூடிக்கொள்கிறது. அந்த ஜன்னலை மூடாமல் வைத்திருந்த ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணைப் பற்றி இன்று உங்களோடு பேச ஆசை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். விளையாட்டைப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். இது விளையாட்டு மட்டும் சம்பந்தப்பட்ட கதை இல்லை.

அவர் பெயர் ஆட்யே கோய்லன் டேல்ஸ்ட்ரா. நெதர்லாந்து நாட்டின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து என்று ஒரு மாகாணம். கறுப்பு வெள்ளைப் பசுக்களுக்கும் பாலுக்கும் பேர்போன பூமி. எங்கே பார்த்தாலும் கால்வாயும் ஏரியும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிட்டால் ஊரே அதன் மேல் இறங்கிவிடும். பூட்ஸின் அடியில் கத்தி மாதிரி நீளத் தகடு பொருத்திக்கொண்டு, பனிக்கட்டியின் மேல் வழுக்கிக்கொண்டே ஓடுவார்கள். பதினொரு ஊர்களைச் சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகிற ஒரு பந்தயம்கூட அங்கே உண்டு. பனி கெட்டியாக உறைந்தால்தான் நடத்துவார்கள். கடைசியாக நடந்தது 1997-இல்.

அந்த மண்ணில், க்ரௌ என்ற ஊரில், 1938 டிசம்பர் 31-ஆம் தேதி பிறந்தவர் ஆட்யே. பனிச்சறுக்கு தெரிந்த பெண்தான். பிறகு ஒரு விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு, மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். பண்ணை வீடு என்றால் வேலைக்குக் கேட்கவா வேண்டும்! ஊர் வழக்கப்படி கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும், இல்லையா?

1970-இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஆலிஸ் நகரத்தில் பெண்கள் உலகப் போட்டி நடந்தது. முதல் பரிசு ஆட்யேவுக்கு. அப்போது அவருக்கு வயசு 31.

இந்தப் போட்டி எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லட்டுமா? நம் வீட்டுக் கணக்கு மாதிரிதான். 400 மீட்டர் சுற்றுள்ள பனித்தடம். இரண்டு பேர் இரண்டு பாதையில் ஓடுவார்கள். உள்பாதைக்குத் தூரம் குறைவு என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பாதையை மாற்றிக்கொள்வார்கள். ஒரே ஒரு ஓட்டத்தில் ஜெயித்தால் போதாது. அந்த நாட்களில் பெண்களுக்கு 500, 1,000, 1,500, 3,000 மீட்டர் என்று நாலு ஓட்டம். 500 மீட்டர் நேரத்தை விநாடியில் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஆயிரத்தில் பாதி, ஆயிரத்து ஐநூறில் மூன்றில் ஒரு பங்கு, மூவாயிரத்தில் ஆறில் ஒரு பங்கு. நாலையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவரே சாம்பியன். அதாவது வேகமும் வேண்டும், மூச்சுப் பிடிப்பும் வேண்டும். சமையல் பிரமாதம், ஆனால் பால் கணக்கு, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் கோட்டை விட்டாச்சு என்றால் நம்மை யாராவது நல்ல குடும்பத்தலைவி என்பார்களா? அதே மாதிரிதான்.

அடுத்த வருஷம் பட்டம் சோவியத் வீராங்கனை நீனா ஸ்டாட்கேவிச்சுக்குப் போனது. "ஒரு தடவை ஜெயிச்சாச்சு, வீட்டைப் பார்ப்போம்" என்று ஆட்யே ஒதுங்கவில்லை. 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று வருஷமும் உலக சாம்பியன். அதே மூன்று வருஷமும் ஐரோப்பிய சாம்பியனும் அவர்தான். கடைசிப் பட்டம் வாங்கும்போது வயசு 35!

1972-இல் ஜப்பானின் சப்போரோ நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். ஆயிரம் மீட்டரில் தங்கம் வாங்கியவர் ஜெர்மனியின் மோனிகா ஃப்ளூக் என்ற 17 வயசுப் பெண். இரண்டாவது வந்த நம் ஆட்யேவுக்கு 33. ஏறக்குறைய இரண்டு மடங்கு வயசு. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 0.21 விநாடி! கண் சிமிட்டுகிற நேரம்தான். 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினார். அந்த 3,000 மீட்டரில் தங்கம் வாங்கிய ஸ்டீன் பாஸ் கைசரும் நெதர்லாந்துக்காரர்தான். அவருக்கும் 33 வயசு.

அந்த நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓட்டப் பந்தயங்களில் நாலு தங்கம் வாங்கிய ஃபேனி பிளாங்கர்ஸ் கோயன், இரண்டு குழந்தைகளின் தாய். வயசு 30. "பறக்கும் இல்லத்தரசி" என்றே பத்திரிகைகள் அவரை எழுதின.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் நாத்தனார் மகளுக்கு 31 வயசு. இரண்டு குழந்தைகள். பள்ளிக்கூடத்தில் 400 மீட்டர் ஓடி மெடல் வாங்கியவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாள். இடுப்புவலி, தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, "தினமும் நடக்க ஆரம்பிம்மா, பிறகு மெதுவா ஓடலாம்" என்றார். வீட்டிலோ அவள் மாமியார், "பிள்ளை பெத்தவளுக்கு ஓட்டம் என்ன ஓட்டம்? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றுவிட்டார். இவளும், "விடுங்க அத்தை, எனக்கென்ன இனிமே" என்றாள். அந்த "எனக்கென்ன இனிமே" தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆட்யேவின் கதையை அவளிடம் சொன்னேன். பேசாமல் கேட்டாள். "அந்தம்மா மூணு பிள்ளைங்களையும் யார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டாள். பாருங்கள், மெடலைப் பற்றிக் கேட்கவில்லை! ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். அதற்குப் பதில் அவள் வீட்டிலேயேதான் இருக்கிறது என்று, அவள் புருஷனை உட்காரவைத்துப் பேசினேன். இப்போது காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை குழந்தைகள் அவர் பொறுப்பு. மாமியார் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனாலும் அன்றைக்குக் கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தானாம்!

சகோதரிகளே, நாம் யாரும் உலக சாம்பியன் ஆக வேண்டாம். ஆனால் உடம்பு நம்முடையதுதானே? முப்பதுக்கு மேல் கவனிக்காமல் விட்டால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேயும். நடையும் உடற்பயிற்சியும் இரண்டையும் காப்பாற்றும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம். அவ்வளவுதான். பிரசவமானவர்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். வலித்தாலோ ரத்தப்போக்கு அதிகமானாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆட்யே பிற்பாடு நெடுந்தூர மாரத்தான் சறுக்குப் போட்டிகளிலும் ஓடினார். மகளும் அம்மா வழியில் அதே பனியில் இறங்கினாள். 2013 பிப்ரவரியில், 74-வது வயசில், ஆட்யே காலமானார்.

தாய் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, "இனிமே எனக்கென்ன" என்று சொல்ல வாய் வராது. உங்கள் மகள் உங்களிடம் எதைப் பார்த்து வளர வேண்டும்? நாளைக் காலையில் காபிக்குத் தண்ணீர் வைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்களேன்.