சுப்பீரியர் ஏரிக்கரையிலே கல் பொறுக்கினோம்

இரத்தினக்கல் என்றதும் எம் நாட்டவர்க்கு இரத்தினபுரிக் குழிகளும், இடுப்பளவு நீரில் நின்று கூடையிலே சரளை அரிப்போரும் நினைவுக்கு வருவர். குழி தோண்டாமலும் பெரும்பொருள் செலவிடாமலும், குனிந்து எடுப்பவர் கைக்கு வந்து சேரும் அழகிய கல்லொன்றும் உலகில் உண்டு. அதன் பெயர் அகேற்று. சிசிலித் தீவிலே முற்காலத்தில் அக்காத்தீசு என வழங்கிய ஆற்றின் பெயரால் அமைந்த பெயர் இது. அக்கல்லைத் தேடிச் சென்ற கதையையும், அதனால் நாம் பெற்ற பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சென்ற கோடையில், அமெரிக்காவின் மின்னசோற்றா மாநிலத்திலுள்ள துலூத் நகரில், எம் தம்பி வீட்டிலே ஆறு வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் அமைந்த நகரம் அது. ஏரி என்றவுடன் எம்மூர்க் குளங்களை மனத்திற் கொள்ளலாகாது. அதன் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் பரப்போ 65,610 சதுர கிலோமீற்றர்தான். அந்நிலத்துப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் அதனைப் பெருங்கடல் என்னும் பொருள்படக் 'கிச்சிகமி' என்று அழைத்தனர். அக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. அலைகளும் கடலலைகளைப் போலவே இரைந்து வந்தன. நீரைத் தொட்டு நாவில் வைத்தபோதுதான் அது கடலன்று என்று நம்பினோம். ஓகஸ்ற் மாதத்திலும் அந்நீர் எலும்பு வரை குளிர்ந்தது.

நாம் சென்ற கரையிலே மணல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கற்களே. தம்பியின் மகள் பத்து வயதுச் சிறுமி. கற்களில் பெரும்பித்துக் கொண்டவள். அயல்வீட்டு முதியவர் ஒருவர் எமக்கு வழிகாட்டியாக வந்தார். இரும்புத்தாது ஏற்றும் துறையிலே வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். காலையிலோ மாலையிலோ, சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் அதனை நோக்கி நடக்க வேண்டும் என்றார். மற்றைக் கற்கள் கருத்துத் தோன்ற, அகேற்று மட்டும் ஒளியைத் தன்னூடே விட்டு, அகல்விளக்கைப் போல் ஒளிரும். மழை பெய்து கற்கள் நனைந்திருந்தால் இன்னும் நன்று. அரச பூங்காக்களுள் கல் எடுத்தல் சட்டப்படி தடை என்பதையும் மறவாமற் சொன்னார்.

இக்கற்களின் வரலாறு வியப்புக்குரியது. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பெருகிற்று. குழம்பு இறுகியபோது, அதனுள் அகப்பட்ட வாயுக் குமிழிகள் வெற்றிடங்களாயின. பின்னர்ப் பாறையினூடே ஊறிய நீர், தன்னிற் கரைந்திருந்த சிலிக்காவை அவ்வெற்றிடங்களின் சுவரிலே படலம் படலமாகப் படிய வைத்தது. இரும்பு கலந்த படலங்கள் சிவந்தன, கலவாதவை வெளுத்தன. நெடுங்காலத்தின் பின் பனிக்கட்டியாறுகள் பாறைகளை அரைத்து அகேற்றுக்களை விடுவித்துத் தெற்கே பரப்பின. கடைசிப் பனிக்கட்டி அங்கிருந்து பின்வாங்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகளே ஆகின்றன. 1969ஆம் ஆண்டில் மின்னசோற்றா இக்கல்லைத் தன் மாநில மணியாக ஏற்றுக்கொண்டது.

மூன்றாம் நாள் மாலை, சிறுமி கூவிய கூவலிற் கரையே அதிர்ந்தது. அவளுடைய கையில் புளியங்கொட்டையிலும் சற்றுப் பெரிய செங்கல் நிறக் கல்லொன்று இருந்தது. அதன் மேற்பரப்பிலே, வளையத்துள் வளையமாக, இரண்டு கண்கள்! முதியவர் கண்ணாடியைச் சரிசெய்து நெடுநேரம் பார்த்தார். கண் அகேற்று கிடைத்தற்கரியது என்றும், அதனை மெருகு உருளையில் மட்டும் போடலாகாது என்றும் கூறினார். சிறுமி அக்கல்லைத் தன் படுக்கையருகே ஒரு தட்டில் வைத்து, உறங்குமுன் நீர் தெளித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

மெருகு உருளை என்பது சிறு மோட்டாரினாற் சுழலும் றப்பர்ப் பீப்பாய். அதன் முக்காற்பங்குக்குப் பெரிதும் சிறிதுமான கற்களை இட்டு, கற்கள் மறையாத அளவுக்கு நீர் ஊற்றி, பருமனான சிலிக்கன் காபைட்டுப் பொடியைச் சேர்த்து மூடுவர். ஏழு நாட்கள் இரவு பகலாக அது உருளும். அதன்பின் கழுவி, முன்னதிலும் நுண்ணிய பொடியோடு மீண்டும் ஏழு நாட்கள். அதனிலும் நுண்ணியதோடு இன்னும் ஏழு. ஈற்றில் அலுமினியம் ஒட்சைட்டுப் பொடியோடு மெருகு. ஏரியலை பல்லாண்டுகளிற் செய்யும் வேலையை இவ்வியந்திரம் ஒரு மாதத்திற் செய்கிறது. இந்தியாவின் காம்பே நகரத்து மணிவினைஞர், மணிகளையும் பொடியையும் தோற்பையில் இட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து பல நாட்கள் உருட்டி மெருகேற்றினர். முறை பழையதே, மோட்டார்தான் புதியது.

தம்பி வீட்டில் அத்தகைய உருளையொன்று இருந்தது. நாம் பொறுக்கிய கற்களை அதில் இடும் இரவிலே எமக்கு ஒரு விபரீத ஆசை தோன்றிற்று. மங்கலாயிருக்கும்போதே இத்துணை அழகுடைய கண் கல், மெருகேறினால் எப்படியிருக்கும்! குழந்தையை வியப்பில் ஆழ்த்தலாமே என்று எண்ணி, அவள் உறங்கிய பின் அதனை எடுத்து உருளையில் இட்டோம். முதியவரின் எச்சரிக்கையை முதுமையின் பிடிவாதமென்று கருதினோம். மறுநாள் கல்லைக் காணாது தேடியவளிடம், அது பத்திரமாக இருக்கிறதென்று சொல்லிச் சிரித்தோம்.

எட்டாம் நாள் உருளையைத் திறந்து, சாம்பல் நிறச் சேற்றைக் கழுவினோம். அச்சேறு குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளுமாதலால், முற்றத்திலே வாளியில் வைத்தே கழுவ வேண்டும். அருகில் நின்ற சிறுமி ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, ஈற்றில் வழவழப்பான சிவந்த கல்லொன்றை எடுத்து எம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியப்பா, கண் எங்கே?"

அகேற்றின் கண்கள் கல்லின் மேற்பரப்பில் ஒட்டிய ஆழமற்ற கிண்ணங்கள் போன்றவை என்பதை அதன் பின்னரே அறிந்தோம். பருமனான பொடி முதலில் தின்பது அவற்றைத்தான். 110 கோடி ஆண்டுகள் நிலைத்தவற்றை ஏழு நாட்களில் அழித்துவிட்டோம். மன்னிப்புக் கேட்டோம், அவள் அழவில்லை. அழுதிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். முதியவரும் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. எதை மெருகிட வேண்டும் என்பதை ஒரு வாரத்திற் கற்கலாம், எதைத் தொடாது விட வேண்டும் என்பதைக் கற்கத் தமக்கு நாற்பது ஆண்டுகள் சென்றன என்று மட்டும் சொன்னார்.

எஞ்சிய கற்கள் நான்கு வாரங்களில் மெருகேறின. தேன்நிறமும் குருதிநிறமுமாக, நனைந்தவை போல் மின்னிய அவற்றைக் கண்டு வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர். வெடிப்பற்ற சாதாரணக் கற்களுக்கு உருளை நன்மையே செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றுள் ஒரு பிடியை நண்பர்களுக்கெனப் பொதி செய்துகொண்டோம்.

புறப்படும் நாளன்று சிறுமி எம் கையில் எதையோ வைத்து விரல்களை மூடினாள். கரையிலே தனியாகச் சென்று பொறுக்கிய, மெருகிடாத அகேற்று அது. "இதை உருட்ட வேண்டாம், பெரியப்பா," என்றாள்.

இன்று அக்கல் எமது மேசைமேல் இருக்கிறது. காய்ந்திருக்கையில் வெறும் கூழாங்கல்லாகவே தோன்றும். வீட்டுக்கு வருவோர், இதற்கும் மெருகிட்டிருக்கலாமே என்பர். நாம் பதிலாக ஒரு துளி நீரை அதன்மேல் விடுவோம். உள்ளே செவ்வரியும் வெள்வரியும் மெல்ல எழுந்து வரும். அது காயுமட்டும் பார்த்திருப்போம்.